மூச்சு மாற்றும் இடத்தில் ஸ்வரம் இறங்குகிறது, என்ன செய்ய?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன், தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. ஐந்து வருடமாக ஒரு வாத்தியாரிடம் நாதஸ்வரம் படிக்கிறேன், பாரி என்கிற நீளமான வகை, சுருதி இரண்டரைக் கட்டை. நான்கு மாதமாக சர்க்குலர் பிரீத்திங், அதாவது கன்னத்துக் காற்றால் ஊதிக்கொண்டே மூக்கில் மூச்சு இழுத்து நாதம் அறாமல் ஊதுவதை, முயற்சி செய்கிறேன். தண்ணீரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி விட்டால் வருகிறது, வாத்தியத்தில் வரவில்லை. மூக்கில் மூச்சு இழுக்கும்போது ஸ்வரம் தொப்பென்று இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது, கன்னம் கடுக்கிறது. அக்கம்பக்கத்தில் சத்தம் என்று சொல்வதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு போய் ஊதுகிறேன், அங்கே இன்னும் மோசம். சாக்ஸபோனில் ஒருவர் முக்கால் மணி நேரம் ஒரே ஸ்வரத்தை நிறுத்தாமல் ஊதியதாகப் படித்தேன். வாத்தியாரோ "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்கிறார். இது தேவையா? உடம்புக்குக் கெடுதலா?

பதில்:

தம்பி, ஸ்ட்ராவில் வருகிறது, வாத்தியத்தில் வரவில்லை என்றால் அது பாதிக் கிணறு தாண்டின கதைதான். இந்தக் கிணற்றில் விழுந்தாலும் அடிபடாது, பயப்பட வேண்டாம். அக்கம்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், நாள் முழுக்கத் தறி ஓடுகிற அம்மாபேட்டையில் நாதஸ்வரம் சத்தம் என்று சொல்கிறார்களே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த சாக்ஸபோன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1997ல் கென்னி ஜி 45 நிமிஷத்துக்கு மேல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து கின்னஸில் ஏறினார், உண்மைதான். ஆனால் சாக்ஸபோனில் ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும் ஒரு சாவி இருக்கிறது, சாவியை அழுத்திவிட்டால் காற்று கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் ஸ்வரம் ஏறத்தாழ அங்கேயே நிற்கும். நம்முடையது அப்படியா? விரல் வைக்க ஏழு துளை, அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஸ்வரஸ்தானத்தையும் அதற்கு நடுவில் இருக்கிற கமகத்தையும் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை) காட்டியாக வேண்டும். விரல் கொடுப்பது பாதி, மீதியை உதடும் மூச்சும்தான் கொடுக்கின்றன. ஒரே துளையில் அழுத்தி ஊதினால் ஸ்வரம் ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. அதனால்தான் மூச்சு மாற்றும்போது காற்றின் அழுத்தம் ஒரு கண்ணிமை நேரம் குறைந்தாலும் ஸ்வரம் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஸ்ட்ராவில் அது தெரியாது, குமிழி கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான், நீங்களும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த வித்தையில் எல்லோரும் கவனிப்பது மூக்கை. மூக்கில் எவ்வளவு இழுக்கலாம், எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்றே யோசிக்கிறார்கள். மூக்கு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கஷ்டம் இருப்பது நெஞ்சு ஊதிக்கொண்டிருந்ததைக் கன்னம் வாங்கிக்கொள்கிற இடத்திலும், கன்னம் ஊதியதை நெஞ்சு திரும்ப வாங்கிக்கொள்கிற இடத்திலும். நீங்கள் சொல்கிற தொப்பென்று இறங்குவது முதல் இடம். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், இறங்கினதற்கு அப்புறம் ஒரு சின்ன குதிப்பும் இருக்கும், சத்தமும் கொஞ்சம் கூடும். அது இரண்டாவது இடம், நெஞ்சு திரும்பவும் வந்து மோதுவது. ஊதும்போது அது காதில் படாது, ஏனென்றால் அந்த நேரத்தில் "அப்பாடா, மூச்சு வந்துவிட்டது" என்ற சந்தோஷத்தில் இருப்பீர்கள். சுருதி காட்டும் ட்யூனர் ஆப் ஒன்றைப் போட்டு முன்னால் வைத்துக்கொண்டாலும் சரி, முள் எங்கே விழுகிறது, எங்கே எகிறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நம் ஊரிலேயே நல்ல இடம் ஒன்று இருந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளித் துண்டுகளை இப்போது கேஸ் வைத்துப் பற்றவைத்து ஒட்டுகிறார்கள், முன்பு பத்தர்கள் (நகை செய்கிறவர்கள்) வாயில் ஊதுகுழல் வைத்துத்தான் ஊதுவார்கள். எண்ணெய் விளக்குச் சுடரின் மேல் குழலின் நுனியைக் காட்டி ஊதினால் சுடர் படுத்து, நீலமாக ஊசி போல நீண்டு, ஒட்டுவதற்கான பற்றுப்பொடி வைத்த இடத்தில் போய் நிற்கும். பொடி உருகி ஓடுகிற வரை அந்த ஊசி அசையக் கூடாது, அசைந்தால் பற்று சரியாகப் பிடிக்காது. பொடி உருக ஒரு மூச்சு போதாது, அதனால் பத்தர் கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு மூக்கில் இழுத்துக்கொண்டே ஊதுவார். புதிதாக வேலை கற்கிற பையன் ஊதினால் அந்த நீல நுனி ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் உள்ளே வந்து, படபடத்து, திரும்ப நீளும். பெரியவர் ஊதினால் எப்போது மூச்சு எடுத்தார் என்று சுடரைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அவருடைய மூக்கைப் பார்த்தால்தான் தெரியும். வயதான பத்தர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், காபி வாங்கிக் கொடுத்து ஒரு தடவை ஊதிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் எழுதுகிற இத்தனை பத்தியை விட அது உபயோகமாக இருக்கும்.

சரி, அந்த மாற்றத்தை எப்படிச் சரி செய்வது? உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் மூச்சு தீருகிற வரை காத்திருந்து, கடைசி நொடியில் கன்னத்தை உப்பி, அவசரமாக மூக்கில் இழுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதுதான் கோளாறு. நெஞ்சில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். நெஞ்சு ஊதிக்கொண்டிருக்கும்போதே கன்னம் மெதுவாக நிரம்பட்டும், திடீரென்று உப்பினால் அந்த நொடியில் வாத்தியத்துக்குப் போகிற காற்று குறைந்து அங்கேயே ஸ்வரம் ஆடிவிடும். நிரம்பின கன்னத்தை அமுக்க ஆரம்பித்த பிறகுதான் தொண்டையை அடைக்க வேண்டும், அதாவது நாக்கின் அடிப்பாகம் பின்னால் போய் மேல் அண்ணத்தைத் தொடுவது. "ங்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே போகிறதோ அதுதான் இடம். முதலில் கன்னம் அமுக்கும், பிறகு தொண்டை அடையும், பிறகுதான் மூக்கு இழுக்கும். நீங்கள் மூன்றையும் ஒன்றாகச் செய்கிறீர்கள், அல்லது மூக்கை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு கன்னத்தைத் தேடுகிறீர்கள். மூக்கில் இழுப்பது அரை நொடி, ஒரு மோப்பம், அவ்வளவு போதும். அந்த ஒரு மூச்சிலேயே நெஞ்சை நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போதும் அப்படித்தான், கன்னத்தில் இன்னும் காற்று மிச்சம் இருக்கும்போதே நெஞ்சு மெதுவாகச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கன்னம் உப்பலாம், உதட்டின் இரண்டு ஓரமும் உப்பக் கூடாது. மூக்கில் இழுக்கும்போது மேலுதடும் சேர்ந்து மேலே போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். போனால் சீவாளியின் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் நாக்கின்) மேல் பிடி விட்டுப்போகும், அது மட்டுமே ஸ்வரத்தை இறக்கப் போதும்.

பயிற்சிக்கு ஸ்ட்ராவை விட்டுவிட வேண்டாம், ஆனால் இளநீர்க் கடை ஸ்ட்ரா வேண்டாம், அதில் காற்று தாராளமாக ஓடிவிடும். சின்ன ஜூஸ் பாக்கெட்டோடு வருமே அந்த மெல்லிசு ஸ்ட்ரா, அதன் நுனியையும் விரலால் கொஞ்சம் நசுக்கி, சீவாளி எதிர்க்கிற அளவுக்கு எதிர்ப்பு வர வையுங்கள். குளிக்கும்போது வாய் நிறையத் தண்ணீர் வைத்து, கன்னத்தை அமுக்கி மெல்லிய தாரையாகப் பீய்ச்சிக்கொண்டே மூக்கில் மூச்சு விட்டு வாங்குங்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் வாயில் தண்ணீர் இருக்கும்போது தொண்டை தானாகவே அடைத்துக்கொள்ளும், சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு அப்புறம் வாத்தியத்துக்குத் தாவாதீர்கள், நடுவில் ஒரு படி இருக்கிறது. சீவாளியைக் கெண்டையில் (அதைத் தாங்குகிற சின்ன உலோகக் குழாயில்) மாட்டி, உலவு என்கிற மரக்குழல் இல்லாமல் அதை மட்டும் ஊதுங்கள். கேட்கச் சகிக்காத கீச்சுச் சத்தம்தான், வீட்டில் திட்டுவார்கள், இருந்தாலும் ஸ்வரம் எங்கே ஒடிகிறது என்பது அதில் பச்சையாகத் தெரியும். அந்தக் கீச்சு ஒரே கோடாக வருகிற நாளில் உலவில் மாட்டுங்கள். மாட்டினதும் மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் ஆரம்பியுங்கள். தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) வேண்டிய அழுத்தத்தை ஆரம்பத்தில் கன்னத்தால் கொடுக்க முடியாது, அங்கே போய் முட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பஞ்சமம் நின்றுவிட்டால் பமப, பதப என்று இரண்டு ஸ்வரத்தை அசைத்துக்கொண்டே மாற்றுங்கள், நிற்கிற ஸ்வரத்தை விட அசைகிற ஸ்வரத்தில்தான் இது சுலபம், ஒரு சின்ன ஆட்டம் இருந்தாலும் கமகத்தோடு கலந்துவிடும். ஆனால் அகாரமாக, நாக்கால் வெட்டாமல் போகிற இடத்தில் மட்டும்தான். நாக்கு நுனியால் தட்டித் துத்துகாரம் போடுகிற இடத்தில் மாற்றாதீர்கள், நாக்கின் பின்பக்கம் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும்போது நுனி துத்துகாரம் போட வேண்டும் என்றால் இரண்டும் கெட்டுப்போகும்.

தலை சுற்றலுக்கு வருகிறேன், இதில் இரண்டு விதம் உண்டு, உங்களுக்கு எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ராவில் பயிற்சி செய்யும்போது சுற்றினால், தேவைக்கு மேல் மூச்சு வாங்கி விடுகிறீர்கள் என்று அர்த்தம். அதிகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை லேசாகும், விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும். நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாத்தியத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். சீவாளியின் வாய் அவ்வளவு குறுகல், அதில் செலவாகிற காற்று மிகக் குறைவு. நீங்களோ ஒவ்வொரு தடவையும் மூக்கில் புதிதாகக் கொஞ்சம் எடுத்து உள்ளே அடைக்கிறீர்கள். உள்ளே பழைய காற்று அப்படியே தேங்கி நிற்கிறது, நெஞ்சு புடைத்துக்கொண்டு, அதே நேரத்தில் மூச்சு முட்டுகிறது. உடம்பு மூச்சு கேட்பது முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு கூடிப்போவதால்தான், அதனால் மேலும் மேலும் உள்ளே இழுப்பதால் அந்த முட்டல் தீராது, பழையது வெளியே போனால்தான் தீரும். ஓபோ வாசிக்கிற மேற்கத்தியக் கலைஞர்களுக்கும் இதே தொல்லைதான், அதுவும் சீவாளி மாதிரி இரட்டை நாக்கு வைத்த வாத்தியம். தீர்வு: கன்னம் ஊதிக்கொண்டிருக்கும்போது மூக்கில் இழுக்க மட்டும் அல்ல, விடவும் பழகுங்கள். ஒரு மாற்றத்தில் விடுவது, அடுத்த மாற்றத்தில் எடுப்பது. யாரும் இதை முதலில் சொல்லித் தருவதில்லை, எனக்குத் தெரிந்து நிறைய பேர் இந்த வித்தையைப் பாதியில் விடுவது இதனால்தான்.

கன்னம் கடுப்பது தசை களைப்பு, ஒரு வேளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், வந்துவிடும். ஆனால் காதுக்கு முன்னால் திடீரென்று வீங்கி, தொட்டால் நறநற என்று இருந்தால் உடனே நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயில் அழுத்தம் கூடி, எச்சில் சுரப்பிக் குழாய்க்குள் காற்று ஏறிவிடுவது அது, கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும் காற்று வாத்தியக்காரர்களுக்கும் எப்போதாவது வருகிறது. அப்புறம் ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், கண்ணில் கிளாகோமா, சமீபத்தில் கண் ஆபரேஷன் இதில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், எதிர்ப்பு அதிகமுள்ள வாத்தியம் ஊதும்போது கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிற நாட்களில் இந்தப் பயிற்சியே வேண்டாம். இவை எதுவும் இல்லை என்றால் கெடுதல் என்று பயப்பட ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்று ஒரு நீளக் குழல் இருக்கிறது, அதன் வாசிப்பே இந்த மூச்சில்தான் நிற்கிறது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ள 25 பேரை வைத்து, அதில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் அந்தக் குழலைக் கற்றுக் கொடுத்துப் பார்த்ததில் அவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது என்று 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வீட்டில் கீச்சுச் சத்தத்துக்குத் திட்டு விழுந்தால் இதை எடுத்துவிடலாம், பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஏற்காட்டில் இன்னும் மோசம் என்பதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலத்தை விட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நடக்கும்போது பெரிதாகத் தெரியாது, சீவாளிக்குத் தெரியும். அமெரிக்காவில் டென்வர் நகரம் ஏற்காட்டை விடக் கொஞ்சம்தான் உயரம், 1,600 மீட்டர். அங்கே ஓபோ வாசிக்கிறவர்கள் கீழே இருக்கிற ஊர்க்காரர்களை விட வேறு மாதிரி ரீடு (அவர்களுடைய சீவாளி) சீவிக்கொள்கிறார்கள், கீழே சுகமாகப் பேசுகிற ரீடு மேலே போனால் விறைத்துக்கொள்கிறது. நீங்களும் சேலத்தில் ஊதுகிற சீவாளியையே எடுத்துக்கொண்டு போவீர்கள், போய் இறங்கின உடனே ஊதியும் விடுவீர்கள். அதை விடக் கொஞ்சம் இளசான சீவாளி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் குழலுக்குள் காற்றும் குளிர்ந்து சுருதி இறங்கும், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இறங்காது, இரண்டும் சேரவில்லை என்று நீங்கள் உதட்டால் தூக்கிப் பிடிப்பீர்கள், அப்படித் தூக்கிப் பிடித்த உதட்டோடு மூச்சு மாற்றினால் விழாமல் என்ன செய்யும்? போனவுடன் கால் மணி நேரம் வெறுமனே நீண்ட ஸ்வரம் ஊதி வாத்தியத்தைச் சூடாக்குங்கள். மூச்சுப் பயிற்சியைக் கீழேயே வைத்துக்கொண்டு, மேலே போகும்போது ராகம் ஊதுங்கள். அந்த இடத்துக்கு அதுதான் லாயக்கு.

கடைசியாக உங்கள் வாத்தியார். அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் போய்க் கேளுங்கள், நாதம் அறுவதே இல்லை, ஆனால் யாரும் மூச்சு விடாமல் ஊதுவதில்லை. இரண்டு பேர் ஜோடியாக நிற்கிறார்கள், ஒருவர் மூச்சு எடுக்கிற இடத்தை இன்னொருவர் மூடிவிடுகிறார், அதையும் மீறி இடைவெளி விழுந்தால் தவில் நிரப்புகிறது. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி போகும்போது அந்த நிறுத்தமும் எடுப்பும் இருந்தால்தான் மல்லாரி. ராக ஆலாபனையிலும் ஒரு பிடியை முடித்து மூச்சு விடுகிற இடம் ராகத்தைச் சேர்ந்தது. அதை அடைத்துவிட்டால், கமா புள்ளி இல்லாத கடிதம் மாதிரி ஆகிவிடும் (உங்கள் கடிதத்தைச் சொல்லவில்லை). தேவை எங்கே என்றால், நீளமான கார்வையில் (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்பதில்), தாளத்தின் சமத்துக்கு வந்து சேருகிற கடைசி பிருகாவில் (வேக ஸ்வரக் கோர்வையில்), ஜோடி இல்லாமல் தனியாக ஊத நேரும்போது. அங்கே இந்த வித்தை கையில் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஊதிக் காட்டுவது சர்க்கஸ், சுகவனேசுவரர் கோயில் வாசலில் நின்று கேட்கிறவர்கள் அதற்காக நிற்க மாட்டார்கள்.

மீதிக் கால்வாசியில் வாத்தியாரோடு எனக்குச் சின்ன வழக்கு. நமக்கு எதுக்கு என்கிறாரே, நம் மரபில்தானே இது இருந்தது, ஒத்து ஊதினவர்கள் செய்தது இதைத்தான். ஒத்து என்பது நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கிற துணைக் குழல். நாதஸ்வரத்தை விட நீளமான குழல், விரல் வைக்கத் துளை இல்லை, அடியில் இருக்கிற துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டு, கச்சேரி முடிகிற வரை ஒரே ஆதார ஸ்வரத்தை அறாமல் ஊதுவார்கள், கன்னம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மகுடி ஊதுகிறவர்களிடமும் இதே மூச்சுதான். குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதிய பையன்கள் நாதஸ்வரத்துக்கு வரும்போது மூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. சுருதிப் பெட்டி வந்தது, ஒத்து பரணுக்குப் போனது, அதோடு இந்தப் பாடமும் போய்விட்டது. உங்கள் வாத்தியார் வயதுக்காரர் வீட்டில் பழைய ஒத்து ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. "சர்க்குலர் பிரீத்திங் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்காமல், "ஐயா, உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள், எதுக்குப்பா என்று சொல்ல மாட்டார். ஒத்துக்குச் சீவாளி வேறு, அதையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சரியானது கிடைக்கவில்லை என்றால் குழலின் நீளத்தையும் கெண்டையின் அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள், எங்கே சொல்லிச் செய்யலாம் என்று பார்க்கலாம்.